ஒரே விபத்து, இரண்டு தலைக்காயம்: அப்பாவை எத்தனை வாரம் கவனிக்க வேண்டும், மகனை எத்தனை வருடம்?

கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கார் விபத்தில் பின் இருக்கையில் இருந்த 72 வயது அப்பாவுக்கும் 8 வயது மகனுக்கும் தலையில் அடி. அப்பாவுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து "ஒன்றுமில்லை" என்றார்கள். மகனுக்கு ஸ்கேன்கூட எடுக்கவில்லை, சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் ஆகிவிட்டது. மகன் ஓடி விளையாடுகிறான், அப்பா கொஞ்சம் மந்தமாக இருக்கிறார். தலைக்காயத்தின் பின்விளைவுகள் வயதுக்கு வயது மாறுமா, இருவரில் யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

மாறும், நிறையவே மாறும். பாதிப்பு எவ்வளவு என்பது மட்டும் மாறுவதில்லை, அது எப்போது வெளியே தெரியும் என்பதும் மாறுகிறது. வீட்டில் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான். மூளைக்காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு சிகிச்சையில் நெடுநாள் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: "சின்னப் பையன், தேறிடுவான்", "வயசானவர், அப்படித்தான் இருப்பார்" என்ற இரண்டு பேச்சும் செய்யும் கெடுதலைப் பல நேரங்களில் காயமே செய்வதில்லை.

அப்பா மந்தமாக இருக்கிறார் என்று எழுதியிருப்பதால் அவரிடமிருந்து தொடங்குகிறேன். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் இன்றைக்கே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போய் மறுபடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்பது அன்றைய நிலவரம்தான்.

காரணம் இதுதான். வயதாக ஆக மூளை சுருங்குகிறது, மண்டையோடு சுருங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து அதைச் சுற்றியுள்ள உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் இந்த இடைவெளியைக் கடந்து போக வேண்டியிருப்பதால், இழுத்துக் கட்டிய நூல்போல நீண்டு நிற்கின்றன. இளையவருக்கு ஒன்றும் செய்யாத ஒரு குலுக்கல் இந்தச் சிரையில் ஒன்றைக் கிழித்துவிடலாம். ரத்தம் பீறிட்டு வராது, கசியும். கசிந்த ரத்தத்தைச் சுற்றி உடல் ஒரு சவ்வை உருவாக்கும். அந்தச் சவ்வில் முளைக்கும் புது ரத்தக்குழாய்கள் பலவீனமானவை, அவையும் கசியும். இப்படி மெல்ல மெல்லப் பெருத்து, இரண்டு மூன்று வாரத்திலோ சில மாதங்களிலோ மூளையை அழுத்த ஆரம்பிக்கும். இதை நாள்பட்ட சப்டியூரல் ரத்தக்கட்டு என்கிறோம்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. மண்டைக்குள் காலி இடம் இருப்பதால் ஆரம்பத்தில் மூளைக்கு நெருக்கடியே தெரியாது. ஆள் பேசுவார், நடப்பார், சாப்பிடுவார். இடம் நிரம்பிய பிறகுதான் தூக்கம் அதிகமாவது, நடை தடுமாறுவது, ஒரு பக்கக் கையோ காலோ சோர்வது, பேச்சு குழறுவது, பொத்தானைப் போடத் தடுமாறுவது எல்லாம் தொடங்கும். அதற்குள் விபத்தே மறந்துபோயிருக்கும். குடும்பம் மறதிநோய் என்று நினைக்கும், சில சமயம் மருத்துவரே பக்கவாதம் என்று நினைப்பார்.

அமெரிக்க முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன் 1989 ஜூலையில், 78 வயதில், மெக்சிகோவில் குதிரையிலிருந்து விழுந்தார். பெரிய சேதம் இல்லை என்றுதான் அப்போது தோன்றியது. செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் பரிசோதித்தபோது மூளைக்கு மேல் ரத்தம் சேர்ந்திருந்தது தெரிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இடையில் ஓடியது இரண்டு மாதம். சுற்றிலும் மருத்துவர்கள் இருந்த ஒருவருக்கே இப்படி என்றால், நம் வீடுகளில் இது தப்பிப்போவதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு முன்னாள் அதிபரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எதிர்த்திசைப் பாடம். ஜிம்மி கார்ட்டர் 2019 அக்டோபரில் அடுத்தடுத்து விழுந்தார். நவம்பரில் இதே பிரச்சினைக்கு அறுவை சிகிச்சை. அப்போது அவருக்கு 95 வயது. அதன் பிறகு ஐந்து வருடம் வாழ்ந்து, 2024 டிசம்பரில், 100 வயதில் காலமானார். "இந்த வயசுல போய் ஆபரேஷனா" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடிப்பது நரம்பு அறுவை சிகிச்சைகளில் எளிமையானவற்றில் ஒன்று. முதியவருக்கு ஆபத்து கூடுதல்தான், ஆனால் வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்கும் அளவுக்கு இல்லை.

அப்பா ரத்தத்தை இளக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை. இதயத்துக்காகவோ பழைய பக்கவாதத்துக்காகவோ இவை முதியவர்களுக்குச் சகஜமாகத் தரப்படுகின்றன. இருந்தால் கசிவு அபாயம் கூடும். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் இதயம் பழிவாங்கும். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள், போதும்.

தலைக்காயத்தின் தீவிரத்தை உலகம் முழுக்க கிளாஸ்கோ கோமா அளவுகோலில்தான் அளக்கிறார்கள். கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இருவர் 1974-ல் வெளியிட்டது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண். 13-ம் அதற்கு மேலும் லேசானது, 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. நல்ல கருவி, ஆனால் வயதானவர்களிடம் கொஞ்சம் ஏமாற்றும். மேலே சொன்ன அதே காலி இடம் காரணமாக, உள்ளே கணிசமான ரத்தம் இருந்தும் 14, 15 என்று மதிப்பெண் காட்டும் முதியவர்கள் உண்டு. அதனால்தான் அவசர சிகிச்சையில் பரவலாகப் பின்பற்றப்படும் கனடா நாட்டு விதிமுறை, லேசான காயத்தில் நினைவு தப்பியவரோ நடந்தது மறந்துபோனவரோ 65 வயதைத் தொட்டவராக இருந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடு என்கிறது. "லேசான காயம்" என்ற சொல் 25 வயதிலும் 75 வயதிலும் ஒரே பொருள் தருவதில்லை.

ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்தால் நிம்மதி, ஆனால் முதியவரின் கதை அங்கேயே முடிவதில்லை. காயத்துக்குப் பின் ரத்தத்தில் சோடியம் குறைவது சகஜம், அதுவே ஒருவரை மந்தமாக்கிக் குழப்பிவிடும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் திடீர்க் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, பகலில் தூங்கி இரவில் விழிப்பது என்றெல்லாம் வரலாம். அப்போது தூக்க மாத்திரையைக் கொடுத்து அமைதிப்படுத்தப் பார்ப்பார்கள், பல சமயம் அது நிலைமையை மோசமாக்கும். விழுங்குவதில் தடுமாற்றம் இருந்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். நாள் கணக்கில் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும், தசை கரையும். இளைஞன் இரண்டு வாரம் படுத்துவிட்டு எழுந்து நடப்பான். 72 வயதில் அப்படி இழந்த தசையைத் திரும்பப் பெற மாதங்கள் ஆகும்.

தலைச்சுற்றலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எளிதில் தீரக்கூடியது, ஆனால் தீர்க்கப்படாமலே விடப்படுவது. உள்காதில் நம் சமநிலைக்கு உதவும் நுண்ணிய கால்சியம் படிகங்கள் இருக்கின்றன. தலையில் அடிபட்டால் இவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விடும். படுக்கையில் புரளும்போதும் நிமிர்ந்து பார்க்கும்போதும் அறையே சுற்றும். மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. தலையைச் சில கோணங்களில் வரிசையாகத் திருப்பி அந்தப் படிகங்களை வெளியேற்றும் முறை இருக்கிறது, தெரிந்த மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சில நிமிடங்களில் செய்துவிடுவார். செய்யாமல் விட்டால் அடுத்த தடவை விழுவார். முதியவர்களின் தலைக்காயத்துக்கு முதல் காரணமே கீழே விழுவதுதான், அதிலும் ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர்தான் மறுபடி விழுகிறார்.

சரி, மறதிநோய். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடியிருக்கும். தலைக்காயம் மறதிநோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்டது. லான்செட் இதழ் அமைத்த மறதிநோய் குழு 2020-ல் தலைக்காயத்தையும் தவிர்க்கக்கூடிய காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. இதில் வயதின் பங்கைத் தெளிவாகக் காட்டியது 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. கலிஃபோர்னியாவில் காயத்துக்காக மருத்துவமனைக்கு வந்த 55 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, தலையில் அடிபட்டவர்களையும் உடலின் வேறு இடத்தில் எலும்பு முறிந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 55 முதலே நடுத்தர, கடுமையான காயம் மறதிநோய் அபாயத்தைக் கூட்டியது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு லேசான காயம்கூடக் கூட்டியது. அபாயம் கூடுகிறது என்றால் வந்தே தீரும் என்று பொருளல்ல. தலையில் அடிபட்ட முதியவர்களில் பெரும்பாலானோருக்கு மறதிநோய் வருவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்பது, நடைப்பயிற்சி இவற்றில் கவனம் வைத்தால் கையில் இருப்பதைக் காப்பாற்றலாம்.

இப்போது உங்கள் மகன்.

ஸ்கேன் எடுக்காததற்குக் கோபப்படாதீர்கள், அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு கூடுதல் கேடு என்பதால், எந்தக் குழந்தைக்கு ஸ்கேன் தேவையில்லை என்று பிரித்தறிய ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். அதில் இரண்டு வயதுக்குக் கீழே ஒரு விதி, மேலே வேறு விதி. கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்துத் தசை பலவீனம், மண்டையோடு மெல்லியது, தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லவும் தெரியாது. உச்சிக்குழி புடைப்பது, பால் குடிக்க மறுப்பது, ஓயாத அழுகை, இவைதான் அதன் மொழி. எட்டு வயதுப் பையனிடம் வாந்தி, மயக்கம், கடுமையான தலைவலி, நடத்தையில் மாற்றம் ஆகியவற்றைச் சில மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்புவது முறையான சிகிச்சைதான்.

லேசான காயம் அடைந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில் முழுமையாகத் தேறிவிடுவார்கள். உங்கள் மகனும் அந்தக் கூட்டத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் இருட்டறையில் படுக்க வைப்பது பழைய பழக்கம், இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. மெல்ல மெல்லப் பள்ளி, அப்புறம் ஓட்டம், கடைசியாக மோதல் உள்ள விளையாட்டு. தலைவலி முழுதாக விடும்வரை தலையில் இன்னொரு அடி படக்கூடாது, இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் 2006-ல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் அடிபட்டு, அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டு, மூளை ரத்தக்கசிவால் கோமாவுக்குப் போனான். 2009-ல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது: அடிபட்ட பிள்ளை மருத்துவர் அனுமதி இல்லாமல் களத்துக்குத் திரும்பக் கூடாது.

ஆனால் "சின்ன வயசு, எளிதில் தேறும்" என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் அலச வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு அறிவியல் பூர்வீகமும் உண்டு. 1930-களில் மார்கரெட் கென்னர்ட் குரங்குகளில் ஆய்வு செய்து, குட்டியாக இருக்கும்போது மூளையின் இயக்கப் பகுதியை இழந்தவை, வளர்ந்த பிறகு இழந்தவற்றைவிட நன்றாக அசைவதைக் கண்டார். அதிலிருந்து "இளம் மூளை எதையும் சமாளிக்கும்" என்று ஒரு விதிபோலப் பரவிவிட்டது, அவர் சொன்னதைவிடப் பெரிதாகவே. ஓரிடத்தில் மட்டும் சேதம் என்றால் ஓரளவு உண்மை. விபத்தில் மூளை முழுதும் குலுங்கி நரம்பிழைகள் பரவலாக அறுபடும்போது நிலைமை வேறு. கடுமையான காயம் என்றால், மிகச் சிறு வயதில் பட்டவர்கள் பெரிய பிள்ளைகளைவிட மோசமாகத் தேறுவதைப் பிற்காலத்து ஆய்வுகள் காட்டின.

காரணம், பெரியவருக்கு அடிபடும்போது கட்டி முடித்த வீடு இடிகிறது. குழந்தைக்கு அடிபடும்போது அஸ்திவாரம் அசைகிறது, மாடி இன்னும் எழும்பவில்லை. எட்டு வயதில் செய்ய வேண்டியதை அவன் செய்துவிடுவான், ஏனென்றால் அதைக் காயத்துக்கு முன்பே கற்றிருந்தான். திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, ஒரே நேரத்தில் நாலு பாடத்தின் வேலையை மனதில் வைத்துக்கொள்வது, இவையெல்லாம் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளை முன்பகுதியின் வேலை. அந்தப் பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளி இவற்றைக் கேட்கும்போதுதான் குறை தெரியவரும். அதற்குள் விபத்து ஐந்து வருடப் பழசு. "சோம்பேறி", "திமிர்" என்று பெயர் வாங்குவான். நடுத்தர, கடுமையான காயம் பட்ட பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்த்த சோகம் இது. லேசான காயத்தில் அரிது.

அதேபோல, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி கடுமையான அடியில் சேதமடையலாம். குழந்தையிடம் அது உயரம் நின்றுபோவதாகவோ, பருவமடைதல் முந்துவதாகவோ பிந்துவதாகவோ வெளிப்படும். அதே சேதம் பெரியவரிடம் தீராத களைப்பாக, ஆர்வமின்மையாகத் தெரியும், மனச்சோர்வு என்று தவறாக மருந்தும் கொடுக்கப்படும்.

இடைப்பட்ட வயதுகளைப் பற்றி உங்களுக்கு உடனடித் தேவை இல்லை, இருந்தாலும் படம் முழுமையாக வேண்டுமே. பதினைந்து முதல் முப்பது வரை உள்ளவர்களின் உடல் நன்றாகத் தாங்கும். இவர்களிடம் ஆபத்து முதல் சில மணி நேரத்தில் இருக்கிறது: மண்டையோட்டுக்கும் உறைக்கும் நடுவே தமனி கிழிந்து ரத்தம் வேகமாகச் சேரும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சரிவார். முதியவர்களுக்கு உறை எலும்போடு இறுக ஒட்டிவிடுவதால் இது அபூர்வம். அந்தக் கண்டத்தைத் தாண்டியவர்களுக்கு நீண்டகாலச் சிக்கல் பெரும்பாலும் வாழ்க்கையில்தான்: எடுத்தேன் கவிழ்த்தேன் என்ற முடிவுகள், மது, நிலைக்காத வேலை, முறியும் உறவுகள். அமெரிக்காவின் சியாட்டிலில் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மூளைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 559 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் ஆண்டுக்குள் தீவிர மனச்சோர்வு வந்திருந்தது. வியப்பாக, அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த அபாயம் குறைவு. உடல் தாங்கும் வயதில் மனம் தாங்குவதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாற்பதுகளில் இரண்டும் கலந்து வரும். உயிரிழப்பு அபாயம் நாற்பதிலிருந்தே மெல்ல ஏறத் தொடங்குகிறது, அறுபத்தைந்தில் திடீரென்று ஒரு பள்ளம் வருவதில்லை. வெளியே ஒன்றும் தெரியாமல், வேலையில் மட்டும் பழைய வேகம் இல்லாமல், மாலையானால் தலை கனத்துத் தவிப்பவர்கள் இந்த வயதில்தான் அதிகம்.

வலிப்பும் வயதைப் பார்க்கும். முதல் வாரத்துக்குள் வரும் வலிப்பு குழந்தைகளிடம் அதிகம், அது நிரந்தர வலிப்பு நோயாக மாறுவது குறைவு. மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் வலிப்பின் அபாயம் 65-ஐத் தாண்டியவர்களுக்கு அதிகம், மண்டையோட்டைத் துளைத்த காயங்களில் எல்லா வயதிலும் அதிகம். பினியஸ் கேஜின் கதை தெரிந்திருக்கும்: 1848-ல், 25 வயதில், இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்தும் பிழைத்தவர். குணமே மாறிப்போனார் என்பதோடு கதையை நிறுத்துவார்கள். பிற்பாடு சிலியில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும், 1860-ல் அவர் இறந்தது தொடர் வலிப்பால் என்பதையும் சொல்வதில்லை. அடிபட்டுப் பதினொரு வருடம் தாண்டியிருந்தது.

ஆக, அப்பாவை இன்று காட்டுங்கள். எல்லாம் சரி என்றாலும் மூன்று மாதத்துக்கு நடை, பேச்சு, தூக்கம், ஒரு பக்கச் சோர்வு நான்கையும் வாரம் ஒருமுறையாவது கவனித்துக் குறித்து வையுங்கள். குளிக்கிற இடத்தில் பிடிமானம், இரவில் விளக்கு, கண்ணாடி எண்ணைச் சரிபார்ப்பது எல்லாம் மருந்துக்குச் சமம். மகனை விளையாட விடுங்கள். வகுப்பாசிரியரிடம் விபத்தைச் சொல்லிவிடுங்கள். மருத்துவமனை கொடுத்த காகிதங்களின் ஒரு பிரதியை அவனுடைய தடுப்பூசி அட்டை இருக்கும் கோப்பிலேயே, தேதி தெரியும்படி வையுங்கள். ஏழாம் எட்டாம் வகுப்பில் படிப்பு திடீரென்று சறுக்கினால், திட்டுவதற்கு முன் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.